கதிர்வீச்சும் பரம்பரைத் தோஷமும்

(அம்பத்தூரில் நடந்த பகுத்தறிவுக் கூட்டம் ஒன்றில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், கதிர்வீச்சு பட்ட தாய் தகப்பனுக்குப் பிறக்கும் பிள்ளைகள் குறையுள்ளவர்களாய்ப் பிறப்பார்களா என்பதாகும். இது விஞ்ஞானிகள் பேசவேண்டிய விஷயமாயிற்றே, சுயமரியாதைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாம் விஞ்ஞானி அல்ல என்பது உண்மைதான். ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோவதற்கு இது காரணமாகச் சொல்லப்பட்டுவிட்டபடியால், இது நம்முடைய வேலையாகவும் ஆகிவிட்டது.

சென்ற தை மாதத்தில், இந்த அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டராய் இருக்கும் தோழர் ஒருவர் நம்மைப் பார்க்க வந்தார். அவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். பிழைப்புக்காக இங்கு வந்து இருபது வருஷமாகிறது. அவர் வரும்போது கைப்பிள்ளையோடு கைப்பிள்ளையாக நான்கு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் இங்கேயே படித்து, இங்கேயே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறது. அதற்குத் திருமுல்லைவாயிலில் ஒரு இடம் பேசி, ஜாதகம் பார்த்து, பொருத்தமும் சரியென்று சொல்லி, தட்டு மாற்ற நாளும் குறித்தாகிவிட்டது. அப்புறம் பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பினார்கள். "உங்கள் ஊர் மணலில் கதிர்வீச்சு இருக்கிறதாமே. அங்கே பிறந்த பெண்ணுக்குப் பிள்ளை கோணலாய்ப் பிறக்கும் என்கிறார்கள். எங்கள் வம்சத்துக்கு அது வேண்டாம்" என்பதாகச் சொல்லி முறித்துக்கொண்டார்கள்.

அந்தத் தோழர் நம்மிடம் வந்து அழவில்லை. "இடம் போனால் போகட்டும் ஐயா. வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பெண் என்னிடம், 'அது நிஜமா அப்பா?' என்று கேட்கிறது. அதற்கு நான் என்ன பதில் சொல்லுவது?" என்று கேட்டார்.

தோழர்களே! "அதெல்லாம் சுத்தப் பொய், போய்ச் சொல்லுங்கள்" என்று அப்போதே சொல்லி அனுப்பியிருக்கலாம். அவருக்கும் ஆறுதலாய் இருந்திருக்கும். ஆனால் தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் சொல்லி ஆறுதல் கொடுப்பதுதான் ஜோசியனுடைய தொழில். அந்தத் தொழிலை நாமும் செய்வதானால் நமக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே, "படித்துப் பார்த்துச் சொல்லுகிறோம்" என்று சொல்லி அனுப்பினோம். அப்படிப் படித்துப் பார்த்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கணக்கைப் பார்த்து உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோஷம் பலவிதம்

பிறப்பினால் தோஷம் என்பது நம் நாட்டில் புதிதல்ல. செவ்வாய் தோஷம் என்கிறார்கள். மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்கிறார்கள். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்கிறார்கள். குறையோடு ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் தாய் முன்ஜென்மத்தில் செய்த பாவம் என்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் பெரிய தோஷமாக ஜாதி என்று ஒன்றை வைத்து, பிறந்த வயிற்றைக் கொண்டே மனிதனைத் தீட்டுள்ளவன், தீட்டில்லாதவன் என்று பிரித்துவிட்டார்கள். இப்போது அந்த வரிசையில் மணல் தோஷம் என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. அதற்கு விஞ்ஞானத்தின் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. செவ்வாய் தோஷம் கட்டுக்கதை. கதிர்வீச்சு அப்படியல்ல. அது அளந்து பார்க்கக்கூடிய சங்கதி. அது மனிதனைக் கொல்லவும் செய்யும், புற்றுநோயிலிருந்து காப்பாற்றவும் செய்யும். ஆகவே "பகுத்தறிவுக்காரனுக்குப் பயமில்லை" என்று மார்தட்டிக்கொண்டு போகிற விஷயமும் அல்ல இது. எவ்வளவு பட்டால், யாருக்கு, என்ன ஆகும் என்று கேட்கவேண்டும்.

மூன்று கேள்விகள்

நம்முடைய உடம்பிலுள்ள ஒவ்வொரு அணுவறையிலும் குரோமோசோம்கள் இருக்கின்றன. பிள்ளைக்குத் தாய் தகப்பனின் ஜாடையும் தன்மையும் வருவதற்கு அவற்றிலுள்ள மரபணுக்களே காரணம். அவை நீண்ட இரட்டை இழைக் கயிறுபோல் இருக்கின்றன. வலிமையான கதிர் அதன்மேல் பாய்ந்தால் இழை அறுந்துபோகும். ஒரு இழை அறுந்தால் உடம்பே அதைச் செப்பனிட்டுக்கொள்ளும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்துபோனால், சில சமயம் தப்பாக முடிச்சுப் போட்டுவிடும். அந்தத் தப்பு முடிச்சுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

இதிலிருந்து மூன்று கேள்விகள் பிறக்கின்றன. கதிர் பட்ட மனிதனுக்கே என்ன ஆகும் என்பது ஒன்று. தாயின் வயிற்றில் இருக்கும்போதே கதிர் பட்ட சிசுவுக்கு என்ன ஆகும் என்பது இரண்டாவது. கதிர் பட்ட ஆணுக்கும் பெண்ணுக்கும் பல வருஷம் கழித்துக் கருவாகும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது மூன்றாவது. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் ஹிரோஷிமாவிலேயே துக்ககரமான பதில் கிடைத்துவிட்டது. குண்டுக்குத் தப்பியவர்களுக்குள் சில வருஷங்களில் இரத்தப் புற்றுநோய் அதிகமாயிற்று. வயிற்றிலிருந்தபோது கதிர் பட்டுப் பிறந்த சுமார் 1,600 பேரில் 30 பேர் கடுமையான மூளைக் குறையோடு வளர்ந்தார்கள். கருவாகி 8 முதல் 15 வாரத்துக்குள் பட்டவர்களுக்கே அந்தக் கெடுதி அதிகம். இவற்றை யாரும் மறுக்கவில்லை. மணவாளக்குறிச்சிப் பெண் கேட்டது மூன்றாவது கேள்வி. ஜனங்கள் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளுவதால்தான் இவ்வளவு பயமும்.

ஈயைக் கேட்டார்கள், எலியைக் கேட்டார்கள்

1927-ல் அமெரிக்காவில் ஹெர்மன் முல்லர் என்ற விஞ்ஞானி, பழத்தில் மொய்க்கும் சிறு ஈக்களின்மேல் எக்ஸ்-ரே பாய்ச்சினார். அவற்றின் சந்ததியில் மரபணு மாறுதல்கள் சாதாரணமாக வருவதைப்போல் நூறு மடங்குக்கு மேல் வந்தன. அதற்காக அவருக்கு 1946-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதாவது, கதிர்வீச்சு பரம்பரையைத் தாக்கக்கூடியது என்பது ஈயிடத்தில் நிரூபணமாகிவிட்டது. பிறகு அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் வில்லியம் ரஸ்ஸல் என்பவர் லட்சக்கணக்கான சுண்டெலிகளை வளர்த்துப் பார்த்தார். எலியிலும் மாறுதல் வந்தது. ஆனால் ஒரே மூச்சில் பாய்ச்சிய கதிரைவிட, அதே அளவைப் பல நாள் சிறுகச் சிறுகக் கொடுத்தால் கெடுதி குறைவாயிருக்கிறது என்பதும் 1958-ல் தெரியவந்தது.

ஹிரோஷிமாவின் மருத்துவச்சிகள்

மனிதனிடத்தில் இதைச் சோதனை செய்ய யாருக்கும் உரிமையில்லை. ஆனால் 1945 ஆகஸ்டு 6-ந்தேதி ஹிரோஷிமாவிலும், 9-ந்தேதி நாகசாகியிலும் போட்ட குண்டுகள் அந்தக் கொடுமையைச் செய்துவிட்டன. யுத்தத்துக்குப் பின் ஜப்பானில் உணவுப் பஞ்சம். கர்ப்பிணிகள் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பதிவு செய்துகொண்டால் அதிக ரேஷன் கிடைக்கும் என்று ஏற்பாடு இருந்தது. ஜேம்ஸ் நீல், வில்லியம் ஷல் ஆகிய இரு அமெரிக்க மரபியல்காரர்களும் ஜப்பானிய வைத்தியர்களும் அந்த ரேஷன் பதிவைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் ஒவ்வொரு பிரசவத்தையும் தெரிவிக்க, வைத்தியர்கள் போய்ப் பிள்ளையைப் பார்த்தார்கள். 1948 முதல் 1954 வரை சுமார் 77,000 பிள்ளைகளை இப்படிப் பார்த்தார்கள். தாய் தகப்பன் குண்டுக்கு எவ்வளவு அருகில் இருந்தார்கள் என்பதைக் கொண்டு பிரித்து, அங்கக் குறை எத்தனை, செத்துப் பிறந்தவை எத்தனை என்று எண்ணினார்கள்.

அவர்கள் 1956-ல் வெளியிட்ட முடிவு என்னவென்றால், கதிர் பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் படாதவர்களின் பிள்ளைகளுக்கும் நிச்சயமாகச் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்பதாகும். பிறகு அந்தப் பிள்ளைகளில் இருதரப்பிலும் சுமார் 8,000 பேர் வீதம் எடுத்துக் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். அதிலும் வித்தியாசம் காணவில்லை. 2021-ல் பழைய கணக்கையே புதிய முறையில் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். கதிர் அளவு ஏறும்போது குறைகளும் சற்று ஏறுவதாக ஒரு சாயல் தென்பட்டது, ஆனால் அது கதிரினால்தான் என்று உறுதியாகச் சொல்ல அதில் போதுமான பலம் இல்லை என்று எழுதினார்கள். தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லுவதற்கு இது ஒரு நல்ல உதாரணமாகும். அறுபது வருஷத்துக்குப் பிறகும் கணக்கைத் திருப்பிப் பார்க்கத் தயாராயிருக்கும் சாஸ்திரம் நம் புரோகிதனிடம் ஏதாவது இருக்கிறதா?

இந்தக் கதையில் வெட்கப்படவேண்டிய பக்கமும் உண்டு. அந்த அமெரிக்க ஸ்தாபனம் குண்டு பட்டவர்களைச் சோதித்துப் பார்த்ததே தவிர வைத்தியம் செய்யவில்லை. 'எங்களை எலிகளாகப் பாவித்தார்கள்' என்பது அந்த ஜனங்களின் மனக்குறை. அது நியாயமான மனக்குறையே. அன்றியும், குண்டு போட்டவன் அந்நியன். ஆனால் குண்டுக்குத் தப்பிய பெண்களையும், அவர்களுக்குப் பிறந்த பெண்களையும் கல்யாணம் செய்துகொள்ள மறுத்தது சொந்த ஜனங்கள். எண்ணிப் பார்த்தவர்கள் தோஷம் காணவில்லை என்று சொன்ன பிறகும், எண்ணாதவர்கள் தோஷம் உண்டென்றே நடத்தினார்கள். திருமுல்லைவாயில்காரர் செய்ததும் அதுவே.

நம்முடைய கரை

"ஜப்பானில் குண்டு ஒருநாள் விழுந்தது. எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக மணல்மேல் படுத்திருக்கிறோமே" என்று அந்தத் தோழர் கேட்டார். சரியான கேள்வி. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனக்காரர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அதில் தோரியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்ததால், மணவாளக்குறிச்சியிலேயே மணல் பிரிக்கும் ஆலை வைத்தார்கள். அந்த மணல் கன்னியாகுமரிக் கரையிலிருந்து கொல்லம் கரைவரை ஆங்காங்கே கிடக்கிறது. யாரும் கொண்டுவந்து கொட்டியதல்ல. மலைப்பாறை கரைந்து ஆற்றோடு வந்து, அலை ஒதுக்கிய மணல்.

கொல்லம் மாவட்டத்து நீண்டகரைமுதல் புறக்காடுவரை சுமார் 55 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த மணல் அதிகம். உலகத்தில் ஒரு மனிதனுக்கு இயற்கையாகவே வருஷத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு படுகிறது. அந்தக் கரையில் மண்ணிலிருந்து வருவது மாத்திரமே சராசரி 4 மில்லிகிரே. சில வீடுகளில் 45 வரைகூட இருக்கிறது. இதனால்தான் 1959-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் இந்தக் கரையை ஆராயவேண்டுமென்று சொன்னார்கள். முதலில் வந்த ஹான்ஸ் குருனெபெர்க் என்ற விஞ்ஞானி அங்குள்ள எலிகளைப் பிடித்து எலும்பும் பல்லும் பார்த்து, 1966-ல் வித்தியாசமில்லை என்று எழுதினார்.

மனிதர்களைப் பற்றி முதலில் வந்த செய்தி வேறு. 1976-ல் டில்லியிலிருந்து கொச்சுப்பிள்ளை, ராமலிங்கசாமி முதலிய வைத்தியர்கள், அந்தக் கரையில் சுமார் 13,000 பேரைப் பார்த்ததில் 12 பேருக்கு டவுன் நோய்க்குறி இருந்ததாகவும், வேறிடத்தில் சுமார் 6,000 பேரைப் பார்த்ததில் ஒருவருக்கும் இல்லையென்றும் எழுதினார்கள். பெரிய பரபரப்பாயிற்று. இதை மறுத்தவர்கள், எந்த ஊரிலும் 6,000 பேரில் சிலர் இருந்தே தீருவார்கள், ஆகவே ஒருவருமில்லை என்ற எண்ணிக்கையே சந்தேகத்துக்குரியது, தாய்மார்களின் வயதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். 2002-ல் பார்ஸ்டர் என்பவரும் மற்றவர்களும் 248 குடும்பங்களில் 988 பேரைச் சோதித்து, தாயிடமிருந்து மாத்திரம் பிள்ளைக்கு வரும் ஒருவகை மரபணுவில் அந்தக் கரையில் மாறுதல் அதிகம் என்று கண்டார்கள். மாறுதல் என்பது நோயல்ல. ஆனாலும் அது கவனிக்கவேண்டிய சங்கதியே.

இந்தச் சண்டை எப்படித் தீரும்? பிறக்கிற பிள்ளைகளை எண்ணினால்தான் தீரும். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் கொல்லம் ஆராய்ச்சிக்கூடத்தார் 1995 முதல் ஆஸ்பத்திரிகளில் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றையும் பார்த்துவந்தார்கள். 2011 வரை 1,41,540 பிள்ளைகள். செத்துப் பிறந்தவை, பெரிய அங்கக் குறையுள்ளவை எல்லாம் எண்ணினார்கள். வீட்டில் கதிர் அதிகமாயிருந்தால் குறையும் அதிகமாகிறது என்று அந்தக் கணக்கு காட்டவில்லை. கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து வருஷத்துக்குமேல் தொடர்ந்து பார்த்ததில் புற்றுநோயும் கூடவில்லை என்று 2009-ல் வெளியாயிற்று.

மணவாளக்குறிச்சிப் பெண்ணின் கணக்கு

ஏன் தெரியவில்லை என்றால், நாம் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐக்கிய நாடுகள் சபையின் கதிர்வீச்சுக் கமிட்டி 2001-ல் எலிகளிலிருந்து கிடைத்ததை வைத்து ஒரு மதிப்புச் சொன்னது. தாய் தகப்பனுக்கு 1,000 மில்லிகிரே பட்டால், பிறக்கும் 10 லட்சம் பிள்ளைகளில் அதிகப்படியாக 3,000 முதல் 4,700 பேருக்குப் பரம்பரைக் கெடுதி வரலாம் என்பதே அது. அந்தப் பெண் தன் ஊரில் இருந்தது நான்கு வருஷம். கொல்லம் கரையின் சராசரியையே அவள் ஊருக்கும் வைத்துக்கொண்டால், பட்டது 16 மில்லிகிரே. அவளைப்போன்ற 10,000 பேருக்குப் பிள்ளை பிறந்தால் அதிகப்படியாக ஒரு பிள்ளைக்குக்கூடக் கெடுதி வராது. அவள் ஊரில் கதிர் பத்து மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் 10,000-ல் எட்டுப் பேருக்கு மேல் போகாது. கதிரே படாத ஊரிலும் 10,000 பிள்ளைகளில் 200 முதல் 300 பிள்ளைகள் ஏதாவதொரு குறையோடு பிறக்கின்றன. இந்த 200-ஐ விட்டுவிட்டு அந்த எட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டார்கள்.

இன்னொன்று கேளுங்கள். அந்தப் பிள்ளை வீட்டார் தங்கள் மூத்த மகளைத் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சொத்து வெளியே போகக்கூடாது, முறை தவறக்கூடாது என்பது காரணம். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு, மற்றவர்களைவிட நூற்றுக்கு இரண்டு மூன்று வீதம் அதிகமாகக் குறை வரக்கூடும் என்பது பல நாடுகளில் எண்ணிக் கண்டது. ஜப்பானில் குண்டின் விளைவைத் தேடிய நீலும் ஷல்லுமே, சொந்தத்தில் கல்யாணம் செய்த பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஆராய்ந்து எழுதினார்கள். தாய்மாமன் கல்யாணம் அதைவிட நெருங்கிய இரத்தம். அதிலும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனாலும் 10,000-க்கு 200, 300 என்று ஏறுவதை முறை என்கிறார்கள். 10,000-க்கு ஒன்றுகூட ஏறாததைத் தோஷம் என்கிறார்கள்!

பெண்ணைக் குற்றம் சொல்லும் வழக்கத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையிலும், தாயிடமும் தகப்பனிடமும் இல்லாத புது மாறுதல்கள் அறுபது எழுபது இயற்கையாகவே உண்டாகின்றன. அவற்றில் முக்கால் பங்குக்குமேல் தகப்பன் வழியாக வருகின்றன. தகப்பனுக்கு வயது ஒன்று கூடினால் மாறுதலும் ஒன்றிரண்டு கூடுகிறது. டவுன் நோய்க்குறி தாயின் வயதோடு கூடுகிறது என்பதும் உண்மை. அதை மறைக்கவில்லை. ஆனால் நாற்பத்தைந்து வயதில் மறுகல்யாணம் செய்துகொள்ளும் ஆண்பிள்ளையைப் பார்த்து, "உம்முடைய பரம்பரையில் தோஷம் இருக்கிறதா?" என்று எந்தப் பெண் வீட்டாராவது கேட்டதுண்டா?

பயத்தின் விலை

பயம் சும்மா இருப்பதில்லை. 1986 ஏப்ரல் 26-ந்தேதி செர்னோபிலில் அணு உலை வெடித்தது. எங்கோ இருக்கும் கிரீஸ் தேசத்தில் பட்டது ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. ஆனால் பிள்ளை கோணலாய்ப் பிறக்கும் என்ற வதந்தியினால், வேண்டுமென்று உண்டான கர்ப்பங்களையே சுமார் 2,500 பெண்கள் கலைத்துவிட்டதாக மறுவருஷம் கணக்கிட்டார்கள். செர்னோபிலில் உலையைச் சுத்தம் செய்யப்போனவர்களுக்கும், அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கும் பின்னால் பிறந்த 130 பிள்ளைகளின் மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து, புது மாறுதல் அதிகமில்லை என்று 2021-ல் வெளியிட்டார்கள். கலைந்துபோன கர்ப்பங்களுக்கு அந்த முடிவு முப்பத்தைந்து வருஷம் தாமதம்.

இங்கே ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இந்தப் பயம் இருக்கிறது. கர்ப்பம் தெரியாமல் மார்புக்கு எக்ஸ்-ரே எடுத்துவிட்டு, கலைத்துவிடலாமா என்று கேட்கும் பெண்கள் உண்டு. சிசுவுக்கு 100 மில்லிகிரேக்குக் குறைவாகப் பட்டதைக் காரணமாக வைத்துக் கர்ப்பத்தைக் கலைக்கவேண்டியதில்லை என்பது சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கமிஷன் சொன்னது. மார்பு எக்ஸ்-ரேயினால் சிசுவுக்குப் படுவது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வயிற்றில் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேன் வெறும் ஒலி அலை. அதில் இந்தக் கதிரே கிடையாது. சி.டி. ஸ்கேன் வேறு. அதில் கதிர் அதிகம். ஆகவே எக்ஸ்-ரேயோ சி.டி.யோ எடுக்குமுன் கர்ப்பமாயிருந்தால் வெட்கப்படாமல் சொல்லவேண்டும். அவசியமா என்று கேட்கவேண்டும். அவசியமென்றால் பயப்படாமல் எடுத்துக்கொள்ளவேண்டும்.

பயப்படவேண்டிய இடம்

நிஜமாகவே பயப்படவேண்டிய இடத்தில் நம் ஜனங்களுக்குப் பயமில்லை. இந்த எஸ்டேட்டைப் போன்ற தொழில் பேட்டைகளில், பற்றவைத்த குழாயும் தொட்டியும் சரியாயிருக்கிறதா என்று பார்க்க இரிடியம்-192 என்ற கதிர்ப்பொருளை இரவு வேளையில் கொண்டுவந்து படமெடுப்பது வழக்கம். அந்த வேலை செய்பவர் மார்பில் அளவுப் பட்டை அணியவேண்டும். நம் நாட்டு விதிப்படி ஐந்து வருஷச் சராசரி வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30-க்கு மேல் போகக்கூடாது. தன் பட்டையில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை உண்டு. கான்ட்ராக்ட் ஆள் என்பதற்காகக் கதிர் குறைத்துப் பாயாது.

காயலாங்கடைத் தோழர்களும் கேட்டுக்கொள்ளவேண்டும். 2010-ல் டில்லி பல்கலைக்கழகத்தில் உபயோகமில்லாமல் கிடந்த ஒரு கருவியை ஏலத்தில் விட்டார்கள். அது மாயாபுரி பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. பிரித்தபோது உள்ளே கோபால்ட்-60. ஒரு தொழிலாளி இறந்தார், பலர் படுகாயமடைந்தார்கள். படித்தவர்கள் செய்த தப்புக்குப் படிக்காதவர் உயிரை விட்டார். ஈய உறை போட்ட கனமான பெட்டியோ, மூன்று இதழ் கதிர்வீச்சு முத்திரையோ கண்டால் உடைக்காமல், தள்ளி நின்று, போலீஸுக்குச் சொல்லவேண்டும்.

கதிர் பட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், இரத்தத்தை எடுத்து வெள்ளணுக்களின் குரோமோசோம்களில் தப்பு முடிச்சு எத்தனை என்று எண்ணி, பட்ட அளவைச் சொல்லிவிடலாம். இதைச் செய்ய வெளிநாடு போகவேண்டியதில்லை. பூந்தமல்லி ரஸ்தாவில், போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் மனித மரபியல் துறையிலேயே இந்த ஆராய்ச்சி நடக்கிறது. அதற்குக் கொஞ்சம் மேற்கே மாங்காட்டில் எலுமிச்சம்பழத்தோடு பிள்ளை வரம் கேட்கப் போகும் கூட்டத்தில் நூறில் ஒருவருக்காவது இது தெரியுமா?

செய்யவேண்டியது என்ன?

சர்க்கார் சொல்லிவிட்டது, ஆகவே நம்பு என்று நாம் சொல்லவரவில்லை. 2024-ல் கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரை ஜனங்கள் எதிர்த்தார்கள். அவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. மணலை எடுக்கிறவனும், கெடுதியில்லை என்று எண்ணிச் சொல்லுகிறவனும் ஒரே சர்க்கார் இலாகாவைச் சேர்ந்தவனாயிருந்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் வருவது இயற்கை. கணக்கைத் தமிழில் அச்சிட்டு ஊர்ச் சாவடியில் வைக்கவேண்டும். கொல்லத்தில் எண்ணியதுபோல் மணவாளக்குறிச்சிக் கரையிலும் பிறக்கும் பிள்ளைகளை எண்ணவேண்டும். சம்பந்தமில்லாத வைத்தியர்களும் திருப்பி எண்ண இடம் கொடுக்கவேண்டும். எண்ணப்படுகிறவர்களுக்கு வைத்தியமும் செய்யவேண்டும். புரோகிதனிடம் கணக்குக் கேட்கிற நாம் அதிகாரியிடம் கேட்காமல் விடக்கூடாது.

கடைசியாக ஒன்று. இவ்வளவு கணக்கும் சொன்னதால், குறையோடு பிறந்த பிள்ளை அவமானம் என்று நாம் ஒப்புக்கொண்டதாய் யாரும் நினைத்துவிடக்கூடாது. கதிரால் வந்தாலும், சொந்தத்தால் வந்தாலும், காரணமே தெரியாமல் வந்தாலும், அந்தப் பிள்ளை யாருடைய பாவத்துக்கும் தண்டனை அல்ல. அதற்கு வைத்தியமும், பள்ளிக்கூடமும், ஏறிப்போகச் சாய்வுப் படியும் கொடுப்பது சமூகத்தின் கடமை.

அந்தத் தோழரை மறுபடி பார்த்தபோது, நாம் போட்ட கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். பெண் அதை வாங்கி, தான் கணக்கு எழுதுகிறவளானபடியால், ஒவ்வொரு வரியையும் பென்சிலால் சரிபார்த்தாள். ஒரு இடத்தில் நாம் பெருக்கலில் தப்புச் செய்திருந்ததைத் திருத்தியும் கொடுத்தாள். "அவர்களிடம் போய்க் காட்டட்டுமா?" என்று தகப்பனார் கேட்டார். "வேண்டாம் அப்பா. அடுத்து வருகிறவர்கள் கேட்டால் காட்டலாம். அப்படியே அவர்கள் வீட்டுக் கணக்கையும் நாம் கேட்கலாம்" என்றாள்.

தோழர்களே! அந்தப் பெண் சொன்னதைவிட அதிகமாக நாம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காகிதத்தின் பிரதிகள் மேடையருகில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆளுக்கொன்று எடுத்துப்போய், தப்பிருந்தால் திருத்தி அனுப்புங்கள்.